வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமா, டாக்டர்?

டாக்டரம்மா பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ‘பிழைக்க வழியே இல்லாதவருக்கு வென்டிலேட்டரை எடுக்க நம் நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் திட்டியிருக்கிறார்கள், பலர் அழுதிருக்கிறார்கள். அதனால் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் பேசுகிறேன். 33 வருஷம் மயக்கவியல் மருத்துவராக இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் ஐசியூவில்தான் போனது.

என் அப்பாவுக்கு 78 வயது. மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இனி நினைவு திரும்பாது என்றார்கள். ‘அப்படீன்னா மெஷினை எடுத்துடுங்க’ என்று அண்ணன் கேட்டதற்கு, ‘அதுக்குச் சட்டத்துல இடமில்லை. வேணும்னா எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்தோம். ஆம்புலன்ஸ் கள்ளிக்குடி தாண்டும்போது அப்பா போய்விட்டார். கையெழுத்துப் போட்டது நான். நான்தான் அவரைக் கொன்றேனா?
— ஒரு வாசகி, விருதுநகர்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். இல்லை. உங்கள் அப்பாவைக் கொண்டுபோனது மூளையில் கசிந்த ரத்தம். அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். அதை உங்களிடம் நீட்டியிருக்கவே கூடாது.

சட்டத்தில் இடமில்லை என்று உங்களிடம் சொன்னது தவறு. 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. குணமாக வழியில்லாத நோயாளிக்கு உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை நிறுத்தலாம், தொடங்காமலும் இருக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி ஆஸ்பத்திரியிலேயே, அதே கட்டிலிலேயே செய்யலாம். யாரும் ஆம்புலன்ஸ் ஏற வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் உங்களை அனுப்பி வைத்தார்கள்? இதற்கு அந்த டாக்டரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் ஒதுங்க முடியாது. நானும் அதையே செய்திருக்கிறேன், ஒரு முறை இல்லை, பல முறை. ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். தலையில் பலமான அடி, 9 நாள் வென்டிலேட்டர், கண்மணி விரிந்து அசையாமல் நின்றுவிட்டது. மகனைக் கூப்பிட்டு, ‘இனி ஒண்ணும் இல்லப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க’ என்றது நான்தான். அந்தப் பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: ‘வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமா, டாக்டர்?’ உசுரு வீட்டுக்குள்தான் போக வேண்டும், வாசலுக்கு வெளியே போனால் உடம்பை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவன் கவலை. ‘தாங்கும்’ என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன். ஒரு அட்டெண்டர் ஆம்பு பேக் என்ற மூச்சுப் பையைக் கையில் பிடித்தபடி வேனில் ஏறினார். மூச்சுக்கு ஒரு அமுக்கு. 50 கிலோமீட்டருக்கு அந்தக் கைதான் வென்டிலேட்டர். சளியை உறிஞ்ச ஆளில்லை, மூச்சுத்திணறலுக்கு மருந்து இல்லை, பள்ளத்தில் வண்டி குதித்தால் தொண்டைக் குழாய் நகரும்.

அவர்கள் போனபிறகு கேஸ் ஷீட்டில் நான் எழுதியது: ‘உறவினர் விருப்பப்படி, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக டிஸ்சார்ஜ்.’ ஆலோசனை சொன்னதே நான். அதற்கு மாறாக அவர்கள் எதுவும் செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ட்யூபை நாமே எடுத்தால் கொலைக் கேஸ் வரும் என்று மேலே இருந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள் ஜூனியர்களுக்குச் சொன்னோம். அந்தப் பயம் இன்னும் ஐசியூக்களில் நடமாடுகிறது. சட்டம் மாறிவிட்டது என்ற செய்தி அதைத் துரத்திப் பிடிக்கவில்லை. உங்கள் அப்பா அந்த இடைவெளியில்தான் அகப்பட்டுக்கொண்டார். முடிவு எடுத்தது நீங்கள் இல்லை, அம்மா. எடுக்க வேண்டியவர்கள் எடுக்காமல் உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள்.

நான் எம்.டி. படித்து முடித்து ஒரு ஐசியூவில் வேலை பார்க்கிறேன். இந்த முறை, முறை என்கிறீர்களே, அது என்ன? செய்தால் என் மேல் போலீஸ் கேஸ் வராதா?
— ஓர் இளம் மருத்துவர், திருச்சி

தம்பி, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நாளைக்குக் காலை ரவுண்ட்ஸில் உங்களுக்குத் தேவைப்படலாம்.

2018 தீர்ப்பு வாசலைத் திறந்தது, ஆனால் படி ரொம்ப உயரம். 20 வருஷ அனுபவம் உள்ள நிபுணர்கள் அடங்கிய ஆஸ்பத்திரிக் குழு முதலில் பார்க்க வேண்டும். பிறகு கலெக்டர் அமைக்கும் இரண்டாவது குழு. அதற்கும் பிறகு முதல் வகுப்பு ஜுடிசியல் மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஐசியூ நோயாளிக்கு நாட்கள் கணக்கு, இந்த நடைக்கு வாரங்கள் கணக்கு. அதனால் யாரும் அந்த வழியில் போகவில்லை என்றே சொல்லலாம். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் மறுபடி உச்ச நீதிமன்றம் போய்க் கேட்டதன் பேரில்தான் 2023 ஜனவரி 24ஆம் தேதி நடைமுறை எளிதாக்கப்பட்டது.

இப்போது உள்ளது இதுதான். ஆஸ்பத்திரியிலேயே முதல் குழு: சிகிச்சை அளிக்கும் மருத்துவர், அவரோடு அந்தத் துறையில் குறைந்தது 5 வருஷ அனுபவம் உள்ள இரண்டு நிபுணர்கள். இனி சிகிச்சையால் பலனில்லை என்று அவர்கள் மூவரும் ஒப்புக்கொண்டால், இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவர், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நோயாளி முன்பே லிவிங் வில், அதாவது இப்படி ஒரு நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் உயில், எழுதியிருந்தால் அதில் அவர் பெயர் குறிப்பிட்டவரின் சம்மதம் வேண்டும். எழுதாதவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம். நிறுத்துவதற்கு முன்னால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும், அவர் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழு மறுத்துவிட்டால் குடும்பம் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கேஸ் விஷயம். நீங்கள் பயப்படும் பிரிவுகள் எனக்கும் தெரியும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103, தற்கொலைக்குத் தூண்டியதற்கு 108, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 106. மேலே சொன்ன முறைப்படி நடந்து, ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தால், மருந்தை நிறுத்தியதோ குழாயை எடுத்ததோ குற்றமாகாது. நோயாளி அவருடைய நோயால் இறக்கிறார். இதை உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது இல்லாமல், இரவு 2 மணிக்கு யாருக்கும் சொல்லாமல் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் ஒன்றும் எழுதாமல் விடுகிறோமே, அதுதான் ஆபத்து. சட்டத்துக்குப் பயந்து எழுதாமல் விடுகிறோம், எழுதாமல் விட்டால்தான் சட்டத்தில் மாட்டுவோம்.

நடைமுறைச் சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023க்குப் பிறகு நாங்கள் முதன்முதலாக முயன்றபோது, இரண்டாவது குழுவுக்கு ஆள் கேட்டுக் கடிதம் அனுப்பினோம். கடிதம் போன அலுவலகத்தில் இது எந்த ஃபைல், எந்த செக்‌ஷன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள், நோயாளியான அந்த அம்மாள் தானாகவே போய்விட்டார். பதில் அதற்கு அடுத்த வாரம் வந்தது. கர்நாடகம் 2025 ஜனவரி 30ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டு, இரண்டாவது குழுவுக்கான மருத்துவர்களை முன்கூட்டியே நியமிக்கும்படி சொன்னது. அந்த மாதிரிப் பெயர்ப்பட்டியல் ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ரத்த வங்கியின் போன் நம்பர் ஒட்டியிருக்கிறதே, அந்த மாதிரி.

2024இல் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் சிகிச்சையை நிறுத்துவது பற்றி ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இந்திய மருத்துவ சங்கத்தின் அப்போதைய தலைவர் அதை எதிர்த்தார். டாக்டர்களைச் சட்டக் கண்காணிப்புக்குள்ளும் மன அழுத்தத்துக்குள்ளும் தள்ளும் என்றார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் உடன்படவில்லை. எழுத்தில் இல்லாத முடிவுதான் என்னை இத்தனை வருஷம் தூங்கவிடாமல் செய்தது. எழுதி, மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முடிவு இல்லை.

முறைப்படி நடந்த ஒன்றையும் சொல்கிறேன், இதை யாரும் புத்தகத்தில் படிக்கக் கொடுப்பதில்லை. நுரையீரல் முழுக்கத் தழும்பேறிய ஒரு ஆசிரியர். கட்டிலைச் சுற்றித் திரை போட்டோம். மானிட்டர் சத்தத்தை அணைத்தோம், அதன் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினோம், வீட்டார் அவர் முகத்தைப் பார்க்கட்டும் என்று. தொண்டையில் சளி கரகரக்காமல் இருக்க ஒரு மருந்து, மூச்சு முட்டும் உணர்வு வராமல் இருக்கக் கொஞ்சம் மார்ஃபின். கைக்கட்டை அவிழ்த்தோம். 12 நாளாகக் கட்டியிருந்த கை, மணிக்கட்டில் பட்டையாகத் தடம். அவர் மனைவி அந்தத் தடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குழாயை எடுத்தபிறகு, ‘பால் ஊத்தலாமா?’ என்று கேட்டார். புரையேறும் என்று வழக்கமாக மறுப்போம். ஒரு பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னேன். பேரப்பிள்ளை வரை எல்லாரும் வரிசையாக வந்து வைத்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தார். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் கடைசி வரை அவர் கால்மாட்டிலேயே நின்றாள்.

தம்பி, ட்யூபை எடுத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடாதீர்கள்.

பேப்பரில் எல்லாம் ‘கருணைக்கொலை’ என்றுதானே போடுகிறார்கள். நீங்கள் அந்த வார்த்தையையே தொட மாட்டேன் என்கிறீர்களே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஆமாம், வேண்டுமென்றேதான். அந்தச் சொல்லுக்குள் கொலை இருக்கிறது. மூத்த மகனிடம் போய், ‘உங்க அப்பாவுக்குக் கருணைக்கொலைக்குச் சம்மதமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தலாம், நம் நாட்டில் அது குற்றம். உடம்பு ஏற்காத சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கும் அதே பெயரை வைத்தால், வீட்டாருக்குக் குற்ற உணர்வு, டாக்டருக்குக் கைநடுக்கம். நான் ‘சிகிச்சையை விலக்குதல்’ என்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏன் மறுத்தது? அந்த வழக்கால்தான் சட்டம் வந்தது என்கிறார்களே, எப்படி?
— ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

1973 நவம்பர் 27. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கியதில் அருணாவின் மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவு மங்கிப் போனது. அதன்பிறகு அதே மருத்துவமனையின் ஒரு வார்டில் 2015 மே 18 வரை, ஏறக்குறைய 42 வருஷம் கிடந்தார். கடைசியில் நிமோனியாவில் இறந்தார்.

அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு வழக்குப் போட்டவர் பத்திரிகையாளர் பிங்கி விரானி. வேண்டாம் என்று நின்றவர்கள் அந்த வார்டு நர்ஸுகள். அருணா அங்கே நர்ஸாக வேலை பார்த்தபோது பள்ளிக்கூடம்கூடப் போயிருக்காத பெண்கள் எல்லாம் பின்னாளில் நர்ஸாக வந்து, கைமாற்றிக் கைமாற்றி அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் படுக்கைப் புண் வரவிடவில்லை. ஐசியூவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன வேலை என்று. 2011 மார்ச் 7ஆம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு, அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்று சொல்லி மனுவை ஏற்க மறுத்தது. அதே தீர்ப்பில்தான், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்று முதன்முதலாக வழியும் சொன்னது.

பிங்கி விரானி கேட்டதில் இரக்கம் இருந்தது. நர்ஸுகள் மறுத்ததிலும் இரக்கம்தான் இருந்தது. நான் அந்த வார்டில் இருந்திருந்தால் நர்ஸுகள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் அருணா என்ன கேட்டிருப்பார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. லிவிங் வில் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எங்கள் பக்கம் ‘தலைக்கூத்தல்’ என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையான பெரியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். ஏழைகள் வீட்டில் செய்தால் கொலை, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்தால் சட்டமா?
— ஒரு விவசாயி, விருதுநகர் மாவட்டம்

கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை, ஐயா.

தலைக்கூத்தலில் சாகிறவர் பெரும்பாலும் சாகும் நிலையில் இருந்தவர் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், மறதி வந்தவர், மலம் சிறுநீர் அள்ள ஆள் இல்லாதவர். நோய் அவரைக் கொல்லவில்லை, குளிப்பாட்டல்தான் கொல்கிறது. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஐசியூவில் விலக்கும்போது நோய் தன் வேலையை முடித்துவிட்டது, மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதைச் சொல்ல ஆறு டாக்டர்கள் தேவை என்கிறது சட்டம்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியை எங்களிடம் கொண்டு வந்தார்கள். மூக்கில் எண்ணெய் வாசம், உடம்பு சில்லென்று இருந்தது. நெஞ்சில் சளி. கூட வந்த மருமகள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. பாட்டி பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும் அந்த மருமகளைத்தான் தேடினார். போகும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னது: ‘கூலிக்குப் போனா இவகளைப் பாக்க ஆளில்ல, பாத்தா கஞ்சிக்கு வழியில்ல.’ அவளைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பதால் அந்தப் பாட்டிக்கு யார் சோறூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது, அந்த ஊருக்கு வாரம் ஒருமுறை போகும் நர்ஸிடம் சொல்லி வைத்தேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்தபிறகு படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸுகள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது படுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.

மூளைச்சாவு அடைந்தவருக்கு வென்டிலேட்டரை எடுப்பதும் இதுவும் ஒன்றா?
— ஒரு வாசகர், வேலூர்

இல்லை. மூளைச்சாவு என்றால் அவர் இறந்துவிட்டார். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று கொடுப்பார்கள். நான் மேலே பேசியதெல்லாம் இன்னும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி.

நெதர்லாந்து, கனடா மாதிரி நாடுகளில் டாக்டரே ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பி வைக்கிறார். நம் நாட்டில் மட்டும் ஏன் இழுத்தடிக்க வேண்டும்?
— ஒரு மென்பொருள் பொறியாளர், சென்னை

அங்கே சட்டம் வந்ததால் டாக்டருக்கு எல்லாம் எளிதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நெதர்லாந்துச் சட்டம் 2002 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நோயாளி தானாக, யோசித்துக் கேட்க வேண்டும். தாங்க முடியாத, தீர வழியில்லாத வேதனை இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர் வந்து பார்க்க வேண்டும். முடிந்தபிறகு டாக்டர் தானே தகவல் கொடுத்து, வட்டாரப் பரிசீலனைக் குழுவின் முன் கணக்குச் சொல்ல வேண்டும். 2016இல் ஒரு முதியோர் இல்ல டாக்டர், மறதி நோய் முற்றிய 74 வயதுப் பெண்மணிக்கு, அவர் முன்பு எழுதி வைத்த விருப்பத்தை நம்பி ஊசி போட்டார். அதற்கு முன் காபியில் தூக்க மருந்து கலந்திருந்தார். ஊசியின்போது அந்தப் பெண்மணி விழித்து எழப் பார்த்தார். அந்தச் சட்டம் வந்தபிறகு ஒரு டாக்டர் மேல் நடந்த முதல் குற்ற வழக்கு அது. 2019 செப்டம்பரில் விடுதலை, 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. மூன்று வருஷத்துக்கு மேல் அவர் அந்த நிழலில் இருந்தார். எழுதி வைத்ததை நம்புவதா, எதிரே எழப் பார்க்கும் உடம்பை நம்புவதா? எனக்கு அந்த இடத்தில் கை வராது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019இல் சட்டம் நடப்புக்கு வந்தபோது, நோயாளி கேட்காமல் டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், மனசாட்சி இடம் கொடுக்காத டாக்டர் தான் செய்யாவிட்டாலும் செய்யக்கூடியவரிடம் அனுப்பியே தீர வேண்டும் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் ஆரிகனில் டாக்டர் மருந்துச் சீட்டு மட்டும் எழுதுவார், குடிப்பது நோயாளி. எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும், டாக்டரின் கை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

நம் நாட்டுக்கு அந்த ஊசி வேண்டுமா? என் பதில், இப்போது வேண்டாம். ஒரு நாள் ஐசியூ பில்லைக் கட்ட நகையை அடகு வைக்கும் வீட்டில், அப்பா ‘எனக்கு ஊசி போட்டுருங்க’ என்றால் அதை அவருடைய விருப்பம் என்று நான் எப்படி எழுதுவேன்? வலிக்கு மார்ஃபின் கிடைக்காத ஊரில் ஒருவர் சாவைக் கேட்டால், அவர் உண்மையில் கேட்பது மார்ஃபின். அதை முதலில் கொடுப்போம். நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம். ஒரு நாள் என் மனசும் மாறலாம். இன்றைக்கு என் எண்ணம் இதுதான்.

அம்மாவுக்கு முற்றிய புற்றுநோய். வலி தாங்காமல் கத்தினாள். டாக்டர் மார்ஃபின் கொடுத்தார். மறுநாள் போய்விட்டாள். அது எங்களுக்குத் தெரியாமல் செய்ததா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

இல்லை. வலிக்கேற்ற அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரை எடுக்காது. உங்கள் அம்மா நோயின் கடைசிப் படியில் இருந்தார். மருந்து தொடங்கிய நாளும் அவர் போன நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன, ஏனென்றால் மருந்தைத் தாமதமாகத்தான் தொடங்குகிறோம். உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தமாக இருந்தது வேறு ஒரு வரி: அதற்கு முன் இரண்டு மாதம் அவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற சாதாரண வலி மருந்து மட்டும்தான் கொடுத்தார்கள் என்பது.

இதிலும் சட்டத்தின் கை இருக்கிறது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபிறகு மார்ஃபின் வைத்திருப்பதற்கே பல உரிமங்கள் தேவைப்பட்டன. எதற்கு வம்பு என்று ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே உரிமம் போதும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சேவை இன்று அந்த மாநிலத்தின் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. நம்மிடமும் உரிமம் வாங்கக்கூடிய ஆஸ்பத்திரிகள் நிறைய இருக்கின்றன. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ‘மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?’ என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காக வாங்கி வைப்பார்கள்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதைப் பாடமாக நடத்துகிறேன். ஒரு மாணவி, ‘இப்ப செஞ்சா போலீஸ் பிடிக்குமா டீச்சர்?’ என்று கேட்டாள். என்ன சொல்வது?
— ஒரு தமிழாசிரியை, கும்பகோணம்

நல்ல கேள்வி கேட்ட பெண். உண்ணாமல் உயிர் விடும் சமணர்களின் சல்லேகனை நோன்பைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடுத்தது, அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: பிசிராந்தையார் வருவார் என்று சோழன் பக்கத்தில் இடம் விட்டு வைத்தான். எங்கள் ஐசியூவில் பார்வையாளர் நேரம் மாலை 5 முதல் 6 வரை, ஒருவர் மட்டும்.

நீங்கள் லிவிங் வில் எழுதிவிட்டீர்களா?
— பெயர் போடாத ஓர் அஞ்சலட்டை

எழுதிவிட்டேன். வெள்ளைத்தாளில் ஒன்றரைப் பக்கம், தமிழில்தான். இரண்டு சாட்சிகள், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். நோட்டரி முன்னால் கையெழுத்து. கெஸட்டட் அதிகாரியும் சான்றளிக்கலாம், 2023க்கு முன்பு போல மாஜிஸ்திரேட் வேண்டியதில்லை. ஒரு நகல் என் மகளிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு. நோட்டரி இரண்டு முறை படித்துவிட்டு, ‘சொத்து விவரம் எங்கம்மா?’ என்று கேட்டார்.

மகளுக்குப் படிக்கக் கொடுத்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டாள். ‘நினைவு திரும்பாது என்று மூன்று மருத்துவர்கள் சொன்னால் உடனே’ என்று எழுதியிருந்தேன். ‘உடனே வேண்டாம்மா, நான் பெங்களூர்லேர்ந்து வரணும்ல’ என்றாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘மகள் வந்து சேர்ந்தபிறகு’ என்று மாற்றி, மறுபடி நோட்டரியிடம் போய் வந்தேன்.